கட்டைவிரல் அமுங்கும் இடம்

ஒரு மீட்டர் நீளமுள்ள ரேடியோ ரேஸ் படகு ஒன்றை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். பின்பலகையிலிருந்து ஒரு சாண் முன்னால், நடுக்கோட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில், கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். மலிவான கண்ணாடியிழைக் கூடாக இருந்தால் அந்த இடம் லேசாக உள்ளே போகும். விரலை எடுத்ததும் 'டக்' என்ற சிறு ஓசையோடு மீண்டு வரும். விரிசல் இல்லை, தடம்கூட இல்லை. ஆகவே கூடு போதுமான அளவு உறுதியானது என்றுதான் பலரும் முடிவு கட்டுவார்கள். அந்த முடிவு தவறு என்பதும், படகுக் கூட்டை உறுதிப்படுத்தும் வேலையின் பெரும்பகுதி அந்தத் தவறைத் திருத்துவதுதான் என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம். உடையாமல் இருப்பது வலிமை. சுமை ஏறும்போது வடிவம் மாறாமல் இருப்பது விறைப்பு. ரேஸ் படகின் அடிப்பாகத்துக்கு வலிமையைவிட விறைப்பே முக்கியம். எங்கே விறைப்பு வேண்டும் என்று தெரிந்தால், கூட்டின் பெரும்பகுதியைத் தொடவே வேண்டியதில்லை என்பதும் புரியும்.

நின்றிருக்கும் படகைத் தாங்குவது அது விலக்கிய நீரின் எடை; ஆர்க்கிமிடீஸ் சொன்ன கணக்கு. ஓடும் ரேஸ் படகின் கதை வேறு. ஓட்டாஞ்சில்லைச் சாய்த்துக் குளத்தில் எறிந்தால் அது தத்தித் தத்திப் போகிறதே, அதே போலப் படகும் தன் அடிப்பாகத்தால் நீரைக் கீழ்நோக்கித் தள்ளி, அந்த எதிர்விசையில் எழும்பி, நீரின் மேல் சறுக்கி ஓடுகிறது. முழு வேகத்தில் ஒரு மீட்டர் படகில் நீர் படும் இடம் பின்பக்கத்தில் பத்து, இருபது சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். மீதி எல்லாம் காற்றில். இந்த ஓட்டத்தைக் கணக்கில் பிடித்தவர் டேனியல் சாவிட்ஸ்கி. அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அவர் 1964இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இன்றும் விசைப்படகு வடிவமைப்பாளர்களின் அடிப்படைக் கருவி. அவர் தந்த சூத்திரத்தில், தட்டையான அடிப்பரப்பின் தூக்குவிசை, அது நீரோடு கொள்ளும் சாய்கோணத்தின் 1.1 மடி அடுக்கைப் பொறுத்தது. பார்வைக்குச் சாதுவான சூத்திரம்தான். கோணத்தை 4 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்குக் குறைத்துப் பாருங்கள்: தூக்குவிசையில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகிறது. பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு டிகிரி என்பது எவ்வளவு? 1.75 மில்லிமீட்டர். கட்டைவிரல் அழுத்தியபோது உள்ளே போன தூரமும் ஏறக்குறைய அதேதான்.

கட்டைவிரலின் அழுத்தம் இரண்டு மூன்று கிலோ இருக்கும். நீர் அவ்வளவு அழுத்துமா என்று கேட்கலாம். நீரின் அடர்த்தி காற்றைப் போல 800 மடங்கு. நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நீர் ஒரு பரப்பில் நேராக மோதி நின்றால் எழும் அழுத்தம் 200 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தைப் போல இரு மடங்கு. சறுக்கி ஓடும் படகின் அடிப்பாகத்தில் இந்த முழு அழுத்தமும் விழுவதில்லை. நீர் முதலில் தொடும் கோட்டை ஒட்டி மட்டுமே அதன் பெரும்பகுதி எழும்பி, பின்னால் போகப் போக வேகமாகக் குறைந்துவிடும். உண்மையான அடி விழுவது படகு அலையில் துள்ளி மீண்டும் நீரில் இறங்கும்போது. கடல் விமானங்களின் மிதவைகள் நீரில் இறங்கும்போது எவ்வளவு அடி வாங்குகின்றன என்று 1929இல் தியோடோர் ஃபான் கார்மன் கணக்கிட்டார். 1932இல் ஹெர்பெர்ட் வாக்னர் அதை நுட்பமாக்கினார். வாக்னரின் சூத்திரத்தை நம் படகுக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் படகு நீரைத் தொடும்போது அதன் கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 2 மீட்டர். அடிப்பாகம் 'வி' வடிவில் கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரி சரிந்திருந்தால், உச்ச அழுத்தம் 40 கிலோபாஸ்கலை நெருங்கும். சரிவு 10 டிகிரிதான் என்றால் 160 கிலோபாஸ்கல். சரிவைப் பாதியாக்கினால் அடி நான்கு மடங்கு. ரேமண்ட் ஹன்ட் வரைந்த ஆழமான 'வி' அடிப்பாகத்தோடு 'மாப்பி' என்ற படகு 1960இல் மயாமி–நசாவ் கடல் பந்தயத்தைக் கொந்தளிப்பான கடலில் வென்றதும், அதன்பின் கடலோடும் விசைப்படகுகள் பலவும் அந்த வடிவத்துக்கு மாறியதும் இந்தக் கணக்கின் விளைவுகள்.

உச்ச அழுத்தம் குறுகிய பட்டையாக ஓடி மறையும் என்பதால், சராசரியாக 20 கிலோபாஸ்கல் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். பத்து சென்டிமீட்டர் சதுரமான ஓர் அடித்துண்டின் மேல் அது 20 கிலோ எடைக்குச் சமம். நான்கு கிலோ படகின் வயிற்றில், உள்ளங்கை அளவு இடத்தில், கண்சிமிட்டும் நேரத்துக்கு 20 கிலோ அரிசி மூட்டை ஏறி இறங்குகிறது. அந்தத் துண்டு ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியிழைப் படலமாக இருந்து, அதன் நான்கு விளிம்பும் நன்றாகப் பிடிக்கப்பட்டிருந்தால், நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே குழியும். தடிமனை இரண்டு மில்லிமீட்டராக்கினால் குழிவு கால் மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடுவதுதான் காரணம்: தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. இந்த எட்டு மடங்குதான் படகுக் கூட்டைத் திருத்துபவருக்கு இயற்கை தரும் மிகப் பெரிய சலுகை.

குழிந்த அடிப்பாகம் என்ன செய்யும்? குழிவின் பின்விளிம்பு நீரைக் கொக்கி போலக் கீழே தள்ளும். பின்பக்கம் தூக்கப்பட்டு, படகின் முன்முனையான அணியம் தாழும். அணியம் தாழ்ந்ததும் நனையும் பரப்பு கூடி வேகம் குறையும். வேகம் குறைந்தால் அழுத்தம் குறைந்து குழிவு மீளும். மீண்டதும் அணியம் எழும். இந்த ஏற்ற இறக்கம் படகின் இயல்பான துள்ளலோடு தாளம் சேர்ந்துவிட்டால், படகு ஓங்கில் போல எழுந்தும் அமிழ்ந்தும் ஓடத் தொடங்கும். அப்போது படகோட்டி, ப்ரொப்பெல்லரின் தண்டைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரட்டின் கோணத்தை மாற்றுவார், பேட்டரியை முன்னே நகர்த்துவார், ப்ரொப்பெல்லரை மாற்றுவார். மெதுவாக ஓட்டும்போது எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும்; முழு விசையில் பழைய குருடி கதவைத் திறடி. அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், ஐம்பதில் பார்த்த அடிப்பாகமும் எண்பதில் ஓடும் அடிப்பாகமும் ஒன்றல்ல. வேகத்துக்கு வேகம் வடிவம் மாறும் படகுக்கு எந்த அளவும் நிலையாகப் பொருந்தாது. தன் படகு ஒருநாள் போல் ஒருநாள் ஓடுவதில்லை என்று புலம்புபவர், மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் அடிப்பாகத்தைச் சந்தேகிப்பது நல்லது.

விறைப்பு வேண்டும் என்றானதும் கை தானாக ரெசின் டப்பாவைத் தேடும்; கூட்டின் உட்புறம் முழுக்க ஒரு படலம் ஒட்டிவிடலாமே என்று தோன்றும். இங்கே ஒரு எளிய பெருக்கல் போதும். கையால் ஒட்டிய கண்ணாடியிழைப் படலம், ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, சதுர மீட்டருக்குச் சுமார் 1.8 கிலோ. ஒரு மீட்டர் படகின் உட்பரப்பு ஏறக்குறைய அரை சதுர மீட்டர். முழுவதும் ஒட்டினால் 900 கிராம். அடிப்பாகத்தின் கடைசி முப்பது சென்டிமீட்டருக்கு மட்டும் ஒட்டினால் 135 கிராம். சறுக்கி ஓடும் படகை இழுத்துப் பிடிக்கும் விசையில் பெரும்பங்கு அதன் எடையோடு நேராகக் கூடுவது. நான்கு கிலோ படகில் 900 கிராம் என்பது கிட்டத்தட்ட கால் பங்கு அபராதம். நீர் படாத மேல்தளத்தையும், அலையில் எப்போதாவது நனையும் பக்கச் சுவர்களையும் தடித்துப்போகச் செய்வதால் சாய்கோணம் ஒரு நூல்கூட நிலைப்படாது.

அதைவிடவும் எடை குறைந்த வழி, நடுவில் இலேசான பொருளை வைத்து இருபுறமும் தோல் போர்த்துவது. மூன்று மில்லிமீட்டர் பால்சா மரத்தின் இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் படலம் ஒட்டினால், ஒரு மில்லிமீட்டர் ஒற்றைப் படலத்தைவிடக் கால் பங்குதான் எடை கூடும். விறைப்போ கணக்குப்படி முப்பது மடங்கைத் தாண்டும். இரண்டாம் உலகப் போரில் பறந்த டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ விமானத்தின் உடல் இப்படித்தான், பிர்ச் மரத் தகடுகளுக்கு நடுவே பால்சா வைத்துச் செய்யப்பட்டது. ஆனால் பால்சா தண்ணீரைக் குடிக்கும். உள்ளே ஒரு திருகாணியின் துளை சரியாக அடைக்கப்படாமல் இருந்தால் போதும், ஒரு பருவத்தில் நடுமரம் ஊறி, மேல்தோல் கழன்றுவிடும். துளை விழும் இடமெல்லாம் பால்சாவை வெட்டி எடுத்துவிட்டு ரெசின் பட்டியால் நிரப்பிய பிறகுதான் துளையிட வேண்டும். ஏற்கெனவே செய்து முடித்த கூட்டுக்கு உள்ளே நெடுக்குச் சட்டம் இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக, வைப்பது இதைவிட எளிது; பத்து சென்டிமீட்டர் அகலமான துண்டை ஐந்தைந்தாகப் பிரித்துவிட்டால், தகடு தடிக்காமலேயே குழிவு வெகுவாகக் குறைந்துவிடும். சட்டத்தின் அடி கூட்டின் மேல் கத்தி போல நேராக உட்காரக் கூடாது. அப்படி உட்கார்ந்தால் அந்தக் கோட்டில்தான் கூடு முறியும். வெளியே பார்த்தால் சட்டத்தின் நிழல் மேடாகத் தெரியும். இரு பக்கமும் பட்டியால் வளைவாக மெழுகி, அதன் மேல் துணியை ஒட்டி, துணியின் ஓரங்களைப் படிப்படியாகக் குறைத்து முடிக்க வேண்டும்.

வலிமையும் உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: பின்பலகை. வளையும் ஷாஃப்ட் வைத்த படகில், ப்ரொப்பெல்லரின் தள்ளுவிசை முழுவதும் ஸ்ட்ரட் வழியாகப் பின்பலகைக்கே வருகிறது. மூன்று கிலோவாட் மோட்டாரின் சக்தியில் பாதி தள்ளுவிசையாக மாறினாலும், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அது ஏழரைக் கிலோ எடைக்கு நிகர். அதுவும் பிடிப்புக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே நெம்புகோல் போல. இது ஒரு கூடு தாங்கக்கூடியதுதான். தாங்க முடியாதது அந்த விசையின் துடிப்பு. ரேஸ் படகின் ப்ரொப்பெல்லர் பாதி நீரிலும் பாதி காற்றிலும் சுழல்வது. ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நீரை அறைந்து நுழைகிறது. நிமிடத்துக்கு 30,000 சுற்று, இரண்டு இதழ் என்றால் நொடிக்கு ஆயிரம் அறை. ஐந்து நிமிட ஓட்டத்தில் மூன்று லட்சம். ஓட்டம் முடிந்த படகின் ஸ்ட்ரட்டைக் கழற்றி, திருகாணித் துளையைச் சுற்றிப் பார்த்தால், வெளிப்பூச்சில் முடி மெல்லிய கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருப்பது தெரியும். பலரும் அதைப் பெயிண்ட் விரிசல் என்று துடைத்துவிடுவார்கள். அடியில் இருக்கும் இழைகள் ரெசினைவிட்டுக் கழலத் தொடங்கிவிட்டன என்பதன் முதல் அறிவிப்பு அது. உட்புறத்தில் மூன்று மில்லிமீட்டர் பிர்ச் ப்ளைவுட் ஒன்றை எப்பாக்ஸியால் ஒட்டி, அதன் மேல் துணி போர்த்தி, அந்தத் துணியை அடிப்பாகத்தின் மேலும் பக்கச் சுவர்களின் மேலும் நான்கைந்து சென்டிமீட்டர் திருப்பி ஒட்டினால், அறையின் சுமை ஒரு துளையோடு நிற்காமல் மூன்று சுவர்களுக்கும் பகிர்ந்துவிடும்.

சுமை விழும் இடத்தைச் சரியாகக் கணிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மனித உயிர் பலியான சான்று ஒன்று இருக்கிறது. 1947இல் நிலத்தில் வேகச் சாதனை படைத்த ஜான் காப், நீரிலும் சாதனை படைக்க 1952இல் 'க்ருசேடர்' என்ற ஜெட் படகோடு ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரிக்குப் போனார். ரீட் ரெய்ல்டன் வடிவமைத்து, வாஸ்பர் நிறுவனம் கட்டிய படகு அது. செப்டம்பர் 29 அன்று மணிக்கு 200 மைலைத் தாண்டிய வேகத்தில் சில அலைகளைக் கடந்ததும் படகு மூழ்குவது போல அணியம் குத்தி, கண்முன்னே சிதறியது; காப் இறந்தார். முன்பக்கச் சறுக்குப் பரப்பைத் தாங்கிய கட்டமைப்பு அலைகளின் அடியில் நொறுங்கியது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். படகின் எஞ்சின் குறைவில்லாதது, உடல் மொத்தத்தில் கனமானது. சறுக்கும் பரப்பைத் தாங்கிய அந்தச் சிறிய இடம் மட்டும் இடம் கொடுத்துவிட்டது. பொம்மைப் படகோடு இதை ஒப்பிடலாமா என்று தயங்க வேண்டியதில்லை. வில்லியம் ஃப்ரூட் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய விதிப்படி, ஒரு மீட்டர் படகு நொடிக்கு 20 மீட்டரில் ஓடுவது, ஒன்பது மீட்டர் படகு மணிக்கு 216 கிலோமீட்டரில் ஓடுவதற்கு ஒப்பு. அலைகளோடு உள்ள உறவில் சின்னப் படகு பெரியதைவிட எந்த வகையிலும் சாது இல்லை.

இனி வடிவத் திருத்தம். அச்சில் வார்த்து எடுத்த கூடு நேராகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. ஓர் அடி நீள எஃகு அளவுகோலை அடிப்பாகத்தின் பின்பகுதியில் நெடுக்காக நிறுத்தி, மறுபக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் பிறை போல ஒளிக்கீற்று தெரிந்தால் அது குழிவு. இரு முனையிலும் ஒளி கசிந்து நடுவில் அளவுகோல் ஆடினால் அது புடைப்பு. குழிவு அணியத்தைத் தாழ்த்தும் என்று பார்த்தோம். புடைப்பு, பின்பக்கத்தை உறிஞ்சி அணியத்தைத் தூக்கும். ரெசின் இறுகும்போது சுருங்கும். பாலியஸ்டர் ரெசின் எப்பாக்ஸியைவிட அதிகமாகவே சுருங்கும். உற்பத்தியை விரைவுபடுத்த, முழுதாக இறுகும் முன்பே அச்சிலிருந்து உருவி எடுத்தால் அந்த வளைவு கூட்டோடு தங்கிவிடும். மேலும், துணி கூர்மையான மூலைக்குள் போகாது, கூர்மையான விளிம்பு அச்சிலிருந்து முழுசாக வெளியே வராது. அதனால் பின்பலகையின் கீழ்விளிம்பையும், அடிப்பாகத்தில் நெடுக ஓடும் பட்டைகளின் ஓரத்தையும் வார்ப்பவர்கள் உருட்டியே விடுகிறார்கள்.

உருண்ட விளிம்பு எவ்வளவு கெடுதல் என்பதைச் சமையலறையில் பார்க்கலாம். திறந்த குழாயின் நீர்த்தாரை அருகே ஒரு கரண்டியின் முதுகைத் தொங்கவிட்டு மெல்ல நெருக்குங்கள். தாரை கரண்டியைத் தள்ளுவதற்குப் பதில் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். வளைந்த பரப்பை ஒட்டித் திரும்பும் நீர், பரப்பைத் தன்னோடு இழுக்கிறது. உருண்ட பின்விளிம்பிலும் இதே இழுப்புதான் நடக்கிறது. படகின் வால் நீரோடு ஒட்டிக்கொள்கிறது. விளிம்பில் ரெசின் பட்டி வைத்து, தட்டையான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து, நீர் சட்டென்று அறுந்து விலகும் கூர்மைக்குக் கொண்டுவருவது ஒரு மாலை வேலை. ஆனால் இதில் வரிசை முக்கியம். முதலில் உள்ளே விறைப்பாக்கி, ரெசின் முழுதாக இறுகிய பிறகே வெளியே நேராக்க வேண்டும். அழகாக நேராக்கிய அடிப்பாகத்தின் உட்புறத்தில் பிறகு துணி ஒட்டினால், அந்தத் துணியின் ரெசின் சுருங்கும்போது நேராக்கியதெல்லாம் மீண்டும் வளையும். வடிவத் திருத்தத்தையும் உறுதிப்படுத்தலையும் தனித்தனி வேலைகளாகப் பேசும் வழக்கத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம். விறைப்பில்லாத கூட்டில் செய்த திருத்தம் மேசைமேல் மட்டுமே இருக்கும், தண்ணீரில் இருக்காது.

விறைப்பு வேண்டும் என்பதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று நம் கடற்கரையிலிருந்தே எழும். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை உடையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. கரையில் மோதும்போது பலகைகள் நெளிந்து கொடுக்கும். ஐரோப்பியரின் விறைப்பான படகுகள் உடைந்த அலையில் இவை பிழைத்தன. அப்படியானால் நெகிழ்வுதானே நல்லது? நெகிழ்வு அடியைத் தாங்கும் நேரத்தை நீட்டுகிறது, அதனால் உச்ச விசை குறைகிறது என்பது மறுக்க முடியாத இயற்பியல். ஆனால் மசூலா நீரைச் சறுக்கித் தன் எடையைத் தூக்கிக்கொள்ளும் படகில்லை. அதன் அடிப்பலகை இரண்டு விரல்கடை நெளிந்தாலும் மிதப்பதில் ஒரு குறையும் வராது. ரேஸ் படகுக்கு அடிப்பாகமே இறக்கை. ஆயினும் இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது: நீர் படாத, ஆனால் கரையிலோ மிதவையிலோ இன்னொரு படகிலோ மோதக்கூடிய அணியத்தில் நெகிழ்வே வேண்டும். அங்கே கெவ்லார் துணி பொருத்தம். 1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டெடுத்த இந்த இழை இழுவிசையில் அபாரம். ரெசின் நொறுங்கினாலும் துணி கிழியாமல் துண்டுகளைப் பிடித்துவைத்திருக்கும். அழுத்துவிசையில் அது பலவீனம் என்பதாலும், உப்புத்தாள் போட்டால் பஞ்சாய்ப் பிரியும் என்பதாலும் அடிப்பாகத்துக்கு உதவாது.

கார்பன் இழை இருக்க இத்தனை கணக்கு எதற்கு என்பார்கள் வசதி உள்ளவர்கள். கார்பன் இழையின் விறைப்பு கண்ணாடியிழையைப் போல மூன்று மடங்கு, எடையும் குறைவு, உண்மை. ஆனால் அதே தடிமனில் கண்ணாடிக்குப் பதில் கார்பன் போட்டால் கிடைப்பது மூன்று மடங்கு. கண்ணாடியையே இருமடங்கு தடிமனாக்கினால் எட்டு. காசு எங்கே நன்றாக வேலை செய்கிறது என்பதை வாசகரே முடிவு செய்யலாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதில் வேறு இரண்டு தொல்லைகள். உப்புநீரில் அது அலுமினிய ஸ்ட்ரட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியத்தைப் பேட்டரியின் ஒரு முனை போல அரித்துவிடும். முழுக் கார்பன் கூட்டுக்குள் ரிசீவரை வைத்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உள்ளே வருவது கடினம். ஆண்டெனாவின் உறை நீக்கிய 31 மில்லிமீட்டர் நுனியை, அதாவது கால் அலைநீளத்தை, கூட்டுக்கு மேலே ஒரு சிறு குழாயில் நிமிர்த்தி வைத்தாக வேண்டும். 1898இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா உலகின் முதல் ரேடியோ படகைக் காட்டியபோதும் அதன் ஏரியல் மேலே துருத்திக்கொண்டுதான் நின்றது. கனமான படகு அலையில் அமைதியாக ஓடும் என்பது இன்னொரு மறுப்பு. ஓடும்தான். அந்த எடையைப் பேட்டரியாக வைத்தால் அலைக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்த்தலாம், வேண்டாத நாளில் எடுத்துவிடலாம். ரெசினாக ஒட்டினால் அது என்றைக்கும் அங்கேயேதான்.

மேல்தளத்தின் திறப்பைப் பற்றி ஒரு சொல். உள்பெட்டியை உருவிய தீப்பெட்டியின் உறையைத் திருகிப் பாருங்கள், ஓரளவு எதிர்க்கும். அதன் ஒரு பக்கத்தைப் பிளேடால் நீளவாக்கில் கீறிவிட்டுத் திருகினால் துணி போலக் குழையும். பேட்டரி வைக்க அகலமாக வெட்டிய திறப்பு, கூட்டை அந்தக் கீறிய உறையாக்கும் திசையில் தள்ளுகிறது. திறப்பின் உட்புற விளிம்பு நெடுக ஒரு விரல் அகல கார்பன் பட்டை ஒட்டுவது, கார்பனுக்குச் செலவழிக்கத் தகுந்த ஒரே இடம். இரட்டைக்கூட்டுப் படகில் இது இன்னும் அவசியம்; இரண்டு கூடுகளும் தனித்தனியாகத் திருகப் பார்க்கும். அந்த வகைக்கு 'கேட்டமரான்' என்று பெயர். சொல் நம் கட்டுமரம், பொருள்தான் ஊர் மாறிப்போயிற்று: கட்டுமரத்தில் கூடும் கிடையாது, இரட்டையும் கிடையாது.

இவ்வளவும் வீணாகப் போகக்கூடிய இடம் ஒட்டுப்பரப்பு. கூட்டின் உட்புறத்தில் இறுகிய ரெசினின் பளபளப்பு இருக்கும்வரை எதுவும் பிடிக்காது; 80 எண் உப்புத்தாளால் மங்கும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, பிறகே ஒட்ட வேண்டும். எப்பாக்ஸியில் ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்ற நம்பிக்கை பெருந்தவறு. மீந்துபோன ஹார்ட்னர் சேர இணையில்லாமல் உள்ளேயே தங்கி, ரெசினைக் குழைவாக்கிவிடும். தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். ரெசினின் விறைப்பு கண்ணாடி இழையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே துணி நனைந்ததும் பழைய ஏ.டி.எம். அட்டையால் வழித்து எடுக்க முடிந்ததெல்லாம் லாபம். கடையில் தயாராக வாங்கும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் கூட்டில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பிளாஸ்டிக் வெயிலில் விரியும் அளவு கண்ணாடியிழைப் படலம் விரியாது. சூடு ஏறி இறங்க இறங்க ஒட்டின் ஓரம் உரியத் தொடங்கும். அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி, 50 அல்லது 60 டிகிரியில் இளகத் தொடங்குவது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்த கறுப்புப் படகு அந்தச் சூட்டை எட்டிவிடும். வெள்ளை பெயிண்ட் அழகுக்கு மட்டும் இல்லை.

உறுதிப்படுத்தக் கூடாத பொருளும் ஒன்று உண்டு. சுக்கானைப் பிடிக்கும் திருகாணிகளில் ஒன்றை நைலானில் போடுவது பந்தயக்காரர்களின் வழக்கம். சுக்கான் மிதக்கும் கட்டையில் மோதினால் நைலான் அறுந்து சுக்கான் பின்னால் மடியும். எஃகுத் திருகாணியாக இருந்தால் பின்பலகையே பெயர்ந்து வரும். வீட்டு ஃப்யூஸ் கம்பியின் வேலைதான். எட்டு இடங்களை விறைப்பாக்கியவர் ஒன்பதாவது இடத்தை வேண்டுமென்றே பலவீனமாக விடுகிறார்.

ஆகவே துணி வாங்கக் கடைக்குப் போகும் முன் படகைக் கவிழ்த்து, எஃகு அளவுகோலும் டார்ச்சுமாக உட்காருங்கள். கட்டைவிரல் அமுங்கும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வெறும் கூட்டை நிறுத்து, எடையை உட்புறத்தில் எழுதிவையுங்கள். வேலை முடிந்து ரெசின் இறுகிய பின் மீண்டும் நிறுத்து அதன் கீழே எழுதுங்கள். ஒரு மீட்டர் படகில் இரண்டு எண்களுக்கும் இடையே கால் கிலோவுக்கு மேல் இருந்தால், பென்சில் வட்டத்துக்கு வெளியே எங்கேயோ துணி போயிருக்கிறது.